மாடுகள் நடந்த இரண்டு எட்டு

என் அப்பாவை மண்வெட்டியால் அடித்தவனை நான் ஒன்றரை வருஷத்தில் ஐந்நூறு தடவையாவது கொன்றிருப்பேன். வெட்டிக் கொன்றேன், குத்திக் கொன்றேன், கிணற்றில் தள்ளி மேலே பாறாங்கல்லைப் போட்டுக் கொன்றேன். எல்லாம் மனசுக்குள்தான். ஆனால் மனசுக்குள் செய்கிற கொலைக்கும் நேரம் வேண்டும், பலம் வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உடம்பில் இருந்த பலம் முழுவதும் அதற்கே போயிற்று.

அவன் யாரோ எவனோ அல்ல. என் பெரியப்பா மகன். முறைக்கு எனக்கு அண்ணன். திருச்செங்கோட்டுக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவே எங்கள் தோட்டமும் அவர்கள் தோட்டமும் ஒட்டி ஒட்டி இருந்தன. நடுவில் ஒரே ஒரு வரப்பு. ஒவ்வோர் உழவுக்கும் அந்த வரப்பு எங்கள் பக்கம் ஒரு சாண் நகரும். அப்பா போய்க் கேட்டார். பேச்சு முற்றி, அவன் கையில் இருந்த மண்வெட்டியைத் திருப்பி அதன் பின்பக்கத்தால் அப்பாவின் தாடையில் அடித்துவிட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் பக்கம் இது பெரிய அதிசயமில்லை. வரப்புச் சண்டையில் தலை உருண்ட குடும்பங்களும் உண்டு.

நான் அப்போது ஊரில் இல்லை. கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கிற கவலைக்கு வடக்கயிறு வாங்க ஆட்டையாம்பட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் கிடந்தார். தாடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பு கட்டுகிறவர் வந்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. ஏழு மாதம் கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு கிடந்தவர் மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு முன்பே ஊர்க்கூட்டம் நடந்திருந்தது. வரப்பைப் பழைய இடத்தில் போடச் சொன்னார்கள், போட்டான். அப்பா காலில் விழச் சொன்னார்கள், விழுந்தான். அப்பா கையைத் தூக்கினார். வாய்தான் பேச வராதே. அந்தக் கை ஆசீர்வாதம் பண்ணத் தூக்கியதா அடிக்கத் தூக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் வழியில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்துத்தான் வெட்டோணும் சாமி, அவசரப்படாத" என்றார். எனக்கு அதில் 'வெட்டோணும்' என்ற சொல் மட்டும்தான் கேட்டது.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாணைக்கல் கிடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதில் அரிவாளைத் தீட்டுவேன். தீட்டிய அரிவாளைக் கூரையில் சொருகி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். ஏர் பிடிப்பேன், கவலை ஓட்டுவேன், வண்டி கட்டுவேன். கை வேலை செய்யும், உதடு முணுமுணுக்கும். அவன் எந்தத் தடத்தில் வருவான், நான் எந்தப் பனைக்குப் பின்னால் நிற்பேன், முதல் வெட்டு கழுத்திலா தோளிலா, அவன் என்ன சொல்லிக் கெஞ்சுவான், அதற்கு நான் என்ன சொல்வேன். இதிலே வேடிக்கை என்னவென்றால், அப்பா மேல் விழுந்த அடியை நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை நானே உண்டாக்கி, அதற்குள்ளேயே குடியிருந்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் உழவுச்சால் கோணலாயிற்று. கோணினால் மாட்டை அடிப்பேன். தார்க்குச்சி நுனியில் இருந்த ஆணி இடப்பக்கம் பூட்டுகிற மாட்டின் பின்தொடையில் ஆறாத புண் வைத்திருந்தது. அந்தப் புண்ணின் மேலேயே குத்துவேன். என் கையில் குச்சி அசைந்தாலே மாடு இரண்டும் வெடவெடத்து முன்னால் பாயும். பக்கத்துக் காட்டுக்காரர்கள், "மாடு நல்ல சூட்டிப்பா இருக்குதுங்களே" என்பார்கள். அது சூட்டிப்பு இல்லை, பயம்.

என் பெண் பிறந்தது அந்த நாட்களில்தான். என்ன கிழமை என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே என் மனைவி வலியில் கத்திக்கொண்டிருந்தாள். நான் களத்து மேட்டில் நின்று அவன் வண்டி போகிற தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

ஒரு மத்தியானம் என் மனைவி கம்பஞ்சோறு போட்டாள். நான் இரண்டு வாய் தின்றுவிட்டு, வட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் கை வைத்துப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க இங்க இல்லீங்க. ஊட்டுக்குள்ள ஒரு உருவம் வருது, திங்குது, போகுது. ஆளக் காணோம். நானும் ஒரு வருசமாப் பாக்கறேன். எப்பத்தான் வருவீங்க?"

அறைந்தேன். அடித்த கையில் சோறு ஒட்டியிருந்தது, அவள் கன்னத்தில் அது அப்பிக்கொண்டது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

அப்பா போய் ஒரு வருஷம் கழிந்து, தை மாதம் கரும்பு வெட்டு வந்தது. அந்தக் காலத்தில் அவரவர் கரும்பை அவரவர் தோட்டத்திலேயே ஆலை போட்டு ஆட்டி வெல்லம் காய்ச்சிவிடுவோம். ஆலை என்றால் இன்றைக்குப் புகைபோக்கி வைத்து நிற்கிறதே, அது இல்லை. நட்டுவைத்த மூன்று இரும்பு உருளைகள், அவ்வளவுதான். நடு உருளையின் தலையில் ஒரு நீள மரத்தைப் பூட்டியிருப்போம். மரத்தின் மறுநுனியில் மாடுகள். மாடு சுற்றிச் சுற்றி வர, மரம் சுற்றும், உருளைகள் சுழலும். உருளைகளுக்கு முன்னால் குழியில் ஓர் ஆள் உட்கார்ந்து கரும்பை ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு பக்கம் சக்கை தள்ளும், கீழே தொட்டியில் சாறு இறங்கும். சாற்றை நாங்கள் பால் என்போம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மரம் கரும்பு ஊட்டுகிற ஆளின் தலைக்கு நேராக வரும். அவர் குனிந்தால் மேலே போய்விடும், குனியாவிட்டால் மண்டையில் அடிக்கும். ஊட்டுகிறவர் கண்ணை உருளையிலிருந்து எடுக்க முடியாது, எடுத்தால் விரல் போய்விடும். அதனால் மரம் வருவதை அவருக்குச் சொல்லவேண்டியது மாடு ஓட்டுகிறவன் பொறுப்பு. மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து, மரம் நெருங்கும்போது "குனி" என்று ஒரு குரல் கொடுக்கவேண்டும். ஒரு பகலுக்கு எத்தனையோ நூறு "குனி". எங்கள் பக்கம் ஆலை மாடு ஓட்டுகிறவன் பாடக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, போகிறவர் வருகிறவரோடு பழமை பேசக்கூடாது என்று கட்டுப்பாடே உண்டு. குனி என்று சொல்கிற வாய்க்கு வேறு வேலை இருக்கக்கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆலைக்கு வந்து பால் கேட்டவரை இல்லையென்று அனுப்பக்கூடாது. வழிப்போக்கன், தெரியாதவன், பகையாளி, யாரானாலும் சரி. அனுப்பினால் கொப்பரையில் பாகு பதம் வராது, வெல்லம் உருண்டை பிடிக்காது என்பார்கள். நம்பினோமோ இல்லையோ, அனுப்பியதில்லை.

நாலாம் நாள் காலையில் கரும்பு ஊட்டுகிற பண்ணையாளுக்குக் காய்ச்சல். வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்துவிடும் என்று என் மனைவி குழியில் இறங்கி உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த வேலை தெரியும், அவள் பிறந்த ஊரிலும் ஆலை உண்டு. குழந்தையைக் கொட்டகைக் காலில் தூளி கட்டிப் போட்டிருந்தாள். கொட்டகையின் அந்தக் கோடியில் கொப்பரைக்கு முன்னால் பாகு காய்ச்சுகிறவர் நின்றார். சக்கை எடுக்கிற ஆள் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் உலர்த்தப் போயிருந்தான். நான் மாட்டுக்குப் பின்னால் நடந்தேன். "குனி" என்றேன், குனிந்தாள். "குனி" என்றேன், குனிந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது அவன் வந்தான்.

கையில் ஒரு பித்தளைச் சொம்பு. தடத்தோடு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. குழியில் இருந்தவளைப் பார்த்து, "அம்மிணி, ஒரு சொம்பு பால் வேணும். ஊட்டுல மசக்கை, கரும்புப் பால்தான் வேணும்ங்கறா" என்றான். தன் தோட்டத்தில் அந்த வருஷம் கரும்பு இல்லாதவன், பங்காளி ஆலைக்கு வந்துவிட்டான். வரலாம். வந்தால் கொடுத்தாகவேண்டும் என்று அவனுக்கும் தெரியும்.

அவனுக்கு வந்த துணிச்சலைப் பார் என்று எனக்குள் ஏறியது. என் கண் அவன் கழுத்தில் போய் நின்றது. கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. சொம்பை நீட்டுகிறான், குனிகிறான், இப்போது வெட்டினால் ஒரே வெட்டு. வெட்டுகிறேன். தலை தொட்டிக்குள் விழுகிறது. பால் சிவக்கிறது. நான் பேசவேண்டிய பேச்சை ஒவ்வொரு சொல்லாகப் பேசிக்கொண்டு நடந்தேன்.

அந்தச் சுற்றுக்கு நான் குனி என்று சொல்லவில்லை.

அவள் இடது கையால் சொம்பை வாங்கித் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தாள். வலது கை கரும்போடு உருளைக்கு நேராக இருந்தது. என் குரல் வரும் என்று இருந்தாள். மரம் வந்து அவள் பின்மண்டையில் அடித்தது. முன்னால் சாய்ந்தாள். கரும்போடு சேர்ந்து விரல்கள் உருளைக்குள் போயின.

அவன் பார்த்துவிட்டான். "ஏய், நிறுத்துடா" என்று கத்திக்கொண்டு மாட்டின் முகத்துக்கு ஓடி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இவ்வளவு நேரம் மனசுக்குள் வெட்டிக்கொண்டிருந்த ஆள் என் மேல் பாய்ந்து வருவதாக நினைத்தேன். என் மாட்டைப் பிடிக்க வருகிறான், என் ஆலையை நிறுத்த வருகிறான். நான் காத்திருந்த சண்டை வந்துவிட்டது. தார்க்குச்சியைத் திருப்பிப் பிடித்து அவன் தலையில் அடித்தேன். மறுபடி அடித்தேன். மூன்றாவது அடிக்குக் குச்சி புரண்டு ஆணி அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவன் திருப்பி அடிக்கவே இல்லை. கயிற்றைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு, "அங்க பாருடா, அங்க பாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அங்கே பார்க்கவில்லை.

குச்சி காற்றில் வீசுகிற சத்தம் மாடுகளுக்குத் தெரிந்த சத்தம். இரண்டும் மிரண்டு முன்னால் இழுத்தன. இரண்டு எட்டுத்தான் எடுத்து வைத்திருக்கும். அதற்குள் அவன் முழங்காலில் விழுந்து, உடம்பின் கனம் முழுவதையும் கயிற்றில் போட்டு மாட்டை நிறுத்திவிட்டான். விரல் மட்டும் போயிருக்க வேண்டிய கை அந்த இரண்டு எட்டில் மணிக்கட்டு வரைக்கும் போயிற்று.

அவள் கத்தவில்லை. "ஏனுங்க" என்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி, ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம்தான் நான் திரும்பினேன்.

மாட்டை அவிழ்த்துவிட்டு, மரத்தை நானும் அவனும் தோள் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளினோம். அவன் கன்னத்து ரத்தம் என் தோளில் வடிந்தது. உருளை எதிர்ப்பக்கம் சுழன்று கையை வெளியே விட்டது. அதைக் கை என்று சொல்ல முடியாது. நாலு நாளாக அந்த உருளைக்குள்ளிருந்து எது வந்து விழுந்ததோ அதுவாகத்தான் இருந்தது. தொட்டியில் பாலின் மேல் ரத்தம் மிதந்தது. பாகு காய்ச்சுகிறவர் ஓடி வந்து தன் தலைத்துண்டைக் கிழித்து மேல்கையை இறுக்கிக் கட்டினார். கொப்பரையில் இருந்த பாகு அடிப்பிடித்துத் தீய்ந்த நாற்றம் கொட்டகை முழுவதும் பரவிற்று. தூளியில் குழந்தை அலறியது. அதன் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது போல இருந்தது. எட்டு மாதக் குழந்தை.

அவன் வண்டி மாடுகள் வேகமானவை. அவனே போய் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவன்தான் ஓட்டினான். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக ஒரே ஒரு பேச்சு. அவன் திரும்பாமலேயே, "இன்னம் வடியுதா?" என்று கேட்டான். "வடியுது" என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிக்கட்டுக்கு மேலே வைத்து அறுத்து எடுத்தார். கம்பவுண்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இது எப்படி என்று விசாரித்தார். போலீஸுக்குச் சொல்லவேண்டிய காயம் போல இருக்கிறதே என்றும் சொன்னார்.

"மாடு முட்டிருச்சுங்க" என்றான் அவன்.

என்னைத்தான் மாடு என்றான். சரிதான்.

இதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கட்டித் தழுவிச் சமாதானமாகிவிட்டோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவன் என் அப்பாவின் தாடையை உடைத்தவன்தான். கடைசிவரை எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. கன்னத்துத் தழும்போடு திரிந்த அவனுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சண்டை வந்தால் அவன் முகத்துக்கு எதிரே நின்று சண்டை போட்டேன், முடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அவனில்லாத இடத்தில் அவனோடு சண்டை போடுவதை விட்டேன். அரிவாளை என்ன செய்தேன் என்று என் பேரன் கேட்டான். கரும்பு வெட்டினேன்.

விட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறேன். விட்டதற்குக் காரணம் என் நல்ல புத்தி இல்லை. கொலை நடந்துகொண்டிருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அந்த இரண்டு எட்டு. காலையில் கண் விழித்தால் மாடு இரண்டு எட்டு வைக்கும். சோற்றில் கை வைத்தால் இரண்டு எட்டு வைக்கும். குனி என்று நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், அவன் கத்தியபோது திரும்பியிருந்தால், மாட்டை அதற்கு முன்னால் அப்படி அடித்துப் பழக்காமல் இருந்திருந்தால். களத்து மேட்டில் போய் உட்கார்ந்து என் வலது கையை நானே கல்லில் அடித்துக்கொள்வேன். தோல் உரிந்து ரத்தம் வரும். அது எனக்கு ஒரு பெரிய பரிகாரம் போலத் தோன்றிற்று. எனக்குப் புத்தி வந்துவிட்டது, நான் திருந்திவிட்டேன் என்று நம்பினேன்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளுடைய அம்மா ஒரு மாதம் கூட இருந்தார். ஊட்டிவிட்டார், தலை வாரிவிட்டார், குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார். அவர் வீட்டிலும் வேலை கிடந்தது, போய்விட்டார். என் அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டாள். வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. அவர் போன மறுநாள் காலை என் மனைவி தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஒரு கையால் ஈரத்தைப் பிழியப் பார்த்தாள். முடியவில்லை. வாசலில் வெயில் விழுந்த இடத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கொண்டையச் சித்தே போட்டு உடுங்க."

ஆம்பிளை பெண்டாட்டிக்குக் கொண்டை போடுகிறதை எங்கள் ஊரில் பார்த்தால் ஏழு ஊருக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது கூட உறைக்கவில்லை. சீப்பை வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். என் குடுமியை நானே முடிகிறவன், கொண்டை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு தடவை சீவினேன். அவள் வலது கை மடிமேல் கிடந்தது. துணி சுற்றிய மொண்ணைக் கை. என் கண் அதில் போய் நின்றது. மாடு மிரண்டது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. சீப்பு முடிக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் சத்தமாக.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. அவள் மறுபடி காத்திருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து திரும்பி, அந்த மொண்ணைக் கையாலேயே என் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கில் பட்டது. எனக்குப் பொறி கலங்கிற்று. அவளுக்கு வலி எப்படி இருந்திருக்கும்? உதட்டைக் கடித்துக்கொண்டாள், முகம் வெளுத்துவிட்டது. துணியின் மேல் ரத்தம் ஊறி வட்டமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அந்த மனுசனப் பாத்துட்டு நின்னீங்க, என்னயப் பாக்கல. இன்னைக்கு இந்தக் கையப் பாத்துட்டு நிக்கறீங்க, இன்னைக்கும் என்னயப் பாக்கல. கை போச்சுங்க, அது போனது போனதுதான். நான் போகுல. இங்கதானுங்க உக்காந்திருக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். மன்னிப்பு மாதிரி என்னவோ சொல்ல வந்தேன்.

"அளுவறதுக்கு உங்களக் கூப்படல. புள்ளைக்குப் பால் குடுக்கோணும், தலை காஞ்சா சிக்கு விளுந்துரும். கொண்டையப் போடுங்க."

திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அவளுடைய தலையைப் பார்த்தேன். ஆறு வருஷம் ஆகியிருந்தது கல்யாணமாகி. பின்மண்டையில், மரம் அடித்த இடத்தில், முடி இல்லாமல் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. அது ஒரு மாதத்துக்கு மேலாக அங்கே இருக்கிறது, எனக்குத் தெரியாது. அதற்கு மேலே இரண்டு நரைமுடி. இருபத்திரண்டு வயதில் நரை. கழுத்தில் சோப்புக்காய் நுரை கொஞ்சம் கழுவப்படாமல் ஒட்டியிருந்தது, ஒரு கையால் எட்டியிருக்காது. துண்டால் அதைத் துடைத்தேன். தழும்பின் மேல் சீப்புப் படாமல் முடியை இரண்டாகப் பிரித்துச் சிக்கெடுத்தேன். ஒவ்வொரு சிக்கையும் பிடித்துப் பிடித்து எடுக்கவேண்டியிருந்தது. இழுத்தால் அவள் தோள் ஒடுங்கும், விட்டால் தளரும். வேறு எதையும் நினைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. என் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். முடியைச் சேர்த்து முறுக்கி, சுற்றி, நுனியைச் சொருகினேன்.

அவள் இடது கையால் பின்னால் தொட்டுப் பார்த்தாள். தலையை ஒரு தடவை ஆட்டினாள். கொண்டை சரிந்து கழுத்தில் இறங்கியது.

"நிக்கல. அவுத்துப்போட்டு மறுக்காப் போடுங்க" என்றாள்.

அவிழ்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து சீவத் தொடங்கினேன்.